சுவிட்ச் போனஸுக்கு 1,500 பவுண்டு உள்ளே வரணுமாம்: வாரச் சம்பளக்காரங்களுக்கு வழி உண்டா?

ஈஸ்ட்ஹாம்வாசி · ஜனவரி 24, காலை 9.12

எல்லாருக்கும் வணக்கம். இங்க பிரிட்டன்ல ஒரு பேங்க், கரண்ட் அக்கவுண்டை (சம்பளம், பில்லுக்கெல்லாம் வச்சிருக்கிற அன்றாடக் கணக்கு) அவங்ககிட்ட மாத்தினா 175 பவுண்டு போனஸ் தர்றதா விளம்பரம் போட்டிருக்கு. நிபந்தனை மூணு. பழைய அக்கவுண்டை முழுசா சுவிட்ச் பண்ணணும். ரெண்டு டைரக்ட் டெபிட் (பில் பணத்தை நிறுவனமே நம்ம அக்கவுண்டுல இருந்து எடுத்துக்கிறது) ஓடணும். 60 நாளுக்குள்ள 1,500 பவுண்டு உள்ளே வரணும். அதுக்கப்புறமும் மாசாமாசம் 1,500 வந்தாத்தான் அக்கவுண்டுக்குக் கட்டணம் கிடையாது.

எனக்குப் பகுதி நேர வேலை. வெள்ளிக்கிழமை தோறும் கைக்கு 280 பவுண்டு வருது. நாலு வெள்ளி உள்ள மாசம் 1,120, அஞ்சு வெள்ளி வந்தா 1,400. எப்படிக் கூட்டினாலும் மாசத்துக்கு 1,500 வரலை. வேற ஒரு பேங்க்ல சேமிப்பா 900 பவுண்டு கிடக்கு. டைரக்ட் டெபிட் ரெண்டு இருக்கு: மொபைல் பில், கவுன்சில் டாக்ஸ் (உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டுற வீட்டு வரி).

என் கேள்வி இதுதான். சம்பளமே அவ்வளவு இல்லாதப்போ இதுக்கு அப்ளை பண்ணலாமா? சேமிப்புல இருந்து போட்டா கணக்குல எடுத்துப்பாங்களா? பொய் சொன்ன மாதிரி ஆகிடுமோன்னு பயமா இருக்கு.

---

வரவேடு · ஜனவரி 24, காலை 10.40

வணக்கம் நண்பரே. முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வருமானம் வேறு, வரவு வேறு. பெரும்பாலான பேங்க் கேட்பது வரவு: அக்கவுண்டுக்குள் வெளியிலிருந்து எவ்வளவு பணம் வந்து விழுகிறது என்பது மட்டும்தான். அது சம்பளமா, சேமிப்பா, வீட்டில் உள்ளவர் அனுப்பியதா என்று பார்ப்பதில்லை. நெடுநாளாக நேஷன்வைட் ஃப்ளெக்ஸ்டைரக்ட் மாசம் 1,000, ஹாலிஃபாக்ஸ் ரிவார்ட் 1,500, பார்க்லேஸ் புளூ ரிவார்ட்ஸ் 800 என்று கேட்டு வந்ததெல்லாம் இந்த ரகம். தொகைகளை அடிக்கடி மாற்றுவார்கள். அப்ளை பண்ணும் அன்றைய நிபந்தனைத் தாளைத்தான் நம்ப வேண்டும்.

அப்ளிகேஷன் ஃபாரத்தில் "உங்கள் ஆண்டு வருமானம்" என்று கேட்பார்களே, அது வருமானம். அங்கே பேஸ்லிப்பில் உள்ளதைத்தான் எழுத வேண்டும், ஒரு பவுண்டு கூட்டக் கூடாது. 1,500 கேட்கிறார்களே என்று 12-ஆல் பெருக்கி 18,000 என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தெரிந்தே வருமானத்தைக் கூட்டி எழுதுவது மோசடி. சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பின் தரவுத்தளத்தில் உங்கள் பேரில் ஒரு குறி விழுந்தால் ஆறு வருஷம் வரை நிற்கும், அதற்குள் வேறெந்த பேங்கிலும் கணக்குத் திறப்பதே பாடாகிவிடும். உண்மையான வருமானத்தை எழுதி, சேமிப்பிலிருந்து பணத்தை உள்ளே போட்டு நிபந்தனையை எட்டுவதில் எந்தப் பொய்யும் இல்லை.

இப்போது உங்கள் கணக்கு. போனஸுக்கான 60 நாள் நிபந்தனையில் "மொத்தமாக 1,500" என்று இருக்கிறதா, "ஒரே தவணையில் 1,500" என்று இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் என்றால் உங்கள் சம்பளமே போதும். 60 நாளில் எட்டு வெள்ளி வரும், எட்டு 280 என்றால் 2,240. சுவிட்ச் முடிவதற்கு முன்னால் ஒன்றிரண்டு வாரச் சம்பளம் பழைய அக்கவுண்டில் விழுந்தாலும் ஆறு வாரம் மிஞ்சும், அதுவே 1,680.

மாசாமாசம் வேண்டிய 1,500-க்குத்தான் சேமிப்பு தேவை. நாலு வெள்ளி மாசத்தில் 380 குறைகிறது. அதற்காகச் சரியாக 380 போடாதீர்கள். ஒரு வாரம் உடம்பு சரியில்லாமல் போனால் வரவு 840 தான், பள்ளம் 660 ஆகிவிடும். 900-ல் 800-ஐ இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். 2-ஆம் தேதி சேமிப்பிலிருந்து புது அக்கவுண்டுக்கு 800, 6-ஆம் தேதி புது அக்கவுண்டிலிருந்து சேமிப்புக்கு அதே 800 என்று ரெண்டு ஸ்டாண்டிங் ஆர்டர் (குறித்த தேதியில் தானாக அனுப்பும்படி பேங்குக்கு நீங்கள் கொடுக்கும் உத்தரவு) போடுங்கள். இங்கே வரவு மட்டும்தான் எண்ணப்படும், பணம் திரும்பிப் போவதை யாரும் கழிப்பதில்லை. அடுத்த மாசமும் அதே 800 வந்து போகும்.

ரெண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். சனி, ஞாயிறு, பேங்க் விடுமுறையில் விழும் ஸ்டாண்டிங் ஆர்டர் பொதுவாக அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப் போகும். ஒரே நாள் என்றால் வெளியே போக வேண்டியது முதலில் கிளம்பப் பார்த்து, பணம் இல்லாமல் நின்றுவிடும். நாலு நாள் இடைவெளி விட்டால் திங்கட்கிழமை விடுமுறை சேர்ந்த வார இறுதியும் தாங்கும்.

சேமிப்பு எந்த பேங்கில் இருக்கிறது என்பதும் முக்கியம். போனஸ் தரும் அதே பேங்கில் இருந்தால் அந்தப் பணம் எண்ணப்படாது. சொந்தக் கணக்குக்குள் மாற்றுவதை ஏறக்குறைய எல்லோருமே விலக்கிவிடுகிறார்கள். வேறு பேங்க் என்று சொல்லியிருக்கிறீர்கள், நல்லது. சுவிட்ச் நடக்கும்போது பழைய அக்கவுண்டின் இருப்பு தானாக வந்து சேருமே, அதையும் வரவாக நம்பி உட்கார வேண்டாம். சிலர் எண்ணுவார்கள், சிலர் மாட்டார்கள்.

---

ஹரோமணி · ஜனவரி 24, மதியம் 1.05

வரவேடு சொன்னது சரி. ஆனா தம்பி, உங்களுக்குப் பிரச்சினை 1,500 இல்லை, கவுன்சில் டாக்ஸ். அதை வடிவாப் பாருங்கோ.

கவுன்சில் டாக்ஸ் வழக்கமா பத்துத் தவணை. ஏப்ரலில தொடங்கி ஜனவரியோட முடிஞ்சிடும். பெப்ரவரி, மார்ச் ரெண்டு மாசமும் ஒரு சதம் எடுக்க மாட்டினம். நீங்கள் பெப்ரவரி தொடக்கத்தில சுவிட்ச் செய்தா 60 நாள் ஏப்ரல் தொடக்கத்தில முடியும். டைரக்ட் டெபிட் அனுமதி புது பாங்குக்கு மாறி வந்திருக்கும், ஆனா அதில காசு போயிருக்காது. சில பாங்க் அனுமதி வந்திருந்தாலே போதும் எண்டு எடுக்கும். சிலது ஒருக்காலாவது காசு எடுபட்டிருக்க வேணும் எண்டு கேக்கும். ரெண்டாவது மாதிரி எண்டா உங்கட போனஸ் அதிலேயே போச்சு. கவுன்சிலிட்டக் கேட்டு 12 தவணையா மாத்தலாம், ஆனா அது அடுத்த வருசத்து பில்லுக்குத்தான் உதவும்.

அதனால சுவிட்ச்சுக்கு முதலே இன்னொரு டைரக்ட் டெபிட் போடுங்கோ. தண்ணி பில், டிவி லைசென்ஸ், கரண்ட் பில், எது டெபிட் காட்டில (கார்டு) போகுதோ அதை மாத்தலாம். ஒண்டும் இல்லையெண்டா ஒரு தர்ம நிறுவனத்துக்கு மாசம் 2 பவுண்டு போடுங்கோ, பதிவு செய்த அறக்கட்டளையாப் பாத்து. அது ஒருக்கா பழைய அக்கவுண்டில எடுபட்ட பிறகு சுவிட்சைத் தொடங்கினா நல்லது. சில பாங்க் டைரக்ட் டெபிட் ரெண்டும் சுவிட்ச் மூலமே வந்திருக்க வேணும் எண்டு எழுதி வச்சிருக்குது. பிறகு புது அக்கவுண்டில நேராத் தொடங்கினா அது சேராது.

மொபைல் பில்லையும் ஒருக்காப் பாருங்கோ. பாங்க் ஆப்பில "டைரக்ட் டெபிட்" எண்ட பக்கத்தில அது தெரியுதோ? சிம் மட்டும் எடுக்கிற திட்டம் நிறைய டெபிட் காட்டிலதான் மாசாமாசம் வெட்டும். அது டைரக்ட் டெபிட் இல்லை. சுவிட்சில தானா மாறியும் வராது. பழைய காட் செத்த அண்டைக்கு போன் கட்டணமும் தவறிப்போகும். ஸ்டாண்டிங் ஆர்டரும் இந்தக் கணக்கில சேராது. அது நீங்கள் அனுப்புறது, டைரக்ட் டெபிட் அவை வந்து எடுக்கிறது. கிரெடிட் காட்டுக்கு டைரக்ட் டெபிட் வச்சிருக்கிற ஆக்களும் கவனம். அந்த மாசம் காட்டில பாக்கி பூச்சியமா இருந்தா எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை.

---

ஈஸ்ட்ஹாம்வாசி · ஜனவரி 24, இரவு 8.30

ரொம்ப நன்றி அண்ணா, இப்பத்தான் ஆப்பைத் திறந்து பார்த்தேன். மொபைல் டெபிட் கார்டுல தான் வெட்டுது! அப்ப எனக்கு உருப்படியா ஓடுற டைரக்ட் டெபிட் ஒண்ணுகூட இல்லை. தண்ணி பில்லையும் மொபைலையும் டைரக்ட் டெபிட்டுக்கு மாத்தறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். என் ஃப்ரெண்ட் ஒருத்தர், "என் சம்பளத்தை உன் அக்கவுண்டுக்கு வாங்கிட்டுத் திருப்பி அனுப்பு, உனக்கும் 1,500 ஆகிடும்"னு சொல்றார். செய்யலாமா? அப்புறம், சேமிப்பை ஒரே நாள்ல மூணு தடவை 500, 500, 500-னு சுத்தினா ஒரு மாசத்து வேலை அன்னிக்கே முடிஞ்சிடுமே?

---

வரவேடு · ஜனவரி 25, காலை 7.55

நண்பர் சொல்வதற்கு ஒத்துக்கொள்ளவே கூடாது. அடுத்தவர் பணத்தை உங்கள் அக்கவுண்டில் வாங்கி மறுபடி அனுப்புவது, பண மோசடிக் கும்பல்கள் மாணவர்களையும் புதிதாக வந்தவர்களையும் வைத்துச் செய்கிற வேலையின் அதே வடிவம். நண்பர் நல்லவராகவே இருக்கலாம், பேங்கின் கணினிக்கு அது தெரியாது. அக்கவுண்டை முடக்கிவிட்டுத்தான் கேள்வி கேட்பார்கள். அவருடைய சம்பளம் அவர் பேரில் உள்ள அக்கவுண்டுக்குத்தான் போக வேண்டும். நீங்கள் சுற்ற வேண்டியது உங்கள் பேரில் இருக்கும் உங்கள் பணத்தை மட்டும்.

500-ஐ மூன்று முறை சுற்றினால் 1,500 வரவு, கணக்குப்படி சரிதான். ஃபாஸ்டர் பேமெண்ட் (பேங்குகளுக்கிடையே உடனடிப் பணமாற்றம்) பெரும்பாலும் சில நொடியில் போய்ச் சேரும், அதிகபட்சம் ரெண்டு மணி நேரம். ஆனால் திறந்து ஒரு வாரம்கூட ஆகாத அக்கவுண்டில் பணம் வந்த வேகத்தில் வெளியேறினால் மோசடித் தடுப்புப் பிரிவு நிறுத்தி விசாரிக்க வாய்ப்புண்டு. உங்களுக்கு அந்த அவசரமே இல்லை. 800 ஒரு தடவை போதும். 800 கையில் இல்லாதவர்கள் வாரத்துக்கு ஒரு சுற்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

"மாசம்" என்றால் எது என்பதையும் பார்த்துவிடுங்கள். சிலருக்கு 1-ஆம் தேதியிலிருந்து மாசக் கடைசி வரை. சிலருக்கு ஸ்டேட்மெண்ட் மாசம், உதாரணமாக 17-ஆம் தேதியிலிருந்து அடுத்த 16 வரை. மாசச் சம்பளக்காரர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் வராது. உங்களுக்கு எத்தனை வெள்ளி உள்ளே விழுகிறது என்பதே இதைப் பொறுத்து மாறும். ஸ்டேட்மெண்ட் மாசம் என்றால் ஸ்டாண்டிங் ஆர்டர் தேதிகளையும் அதற்கு ஏற்றபடி 18, 22 என்று நகர்த்திக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் நடக்கும் விதம் இது. புது பேங்கிடம் பழைய அக்கவுண்டின் சோர்ட் கோட் (பேங்க் கிளையைக் குறிக்கும் எண்), அக்கவுண்ட் எண், டெபிட் காட் விவரம் கொடுப்பீர்கள். ஏழு வேலை நாள் ஆகும், முடிகிற தேதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தேதியில் இருப்பு மொத்தமும் மாறும், பழைய அக்கவுண்ட் மூடப்படும், பழைய காட் வேலை செய்யாது. டைரக்ட் டெபிட், ஸ்டாண்டிங் ஆர்டர், சேமித்து வைத்த பேயீ பட்டியல் (நீங்கள் பணம் அனுப்புபவர்களின் விவரம்) எல்லாம் தானாக வரும். பழைய எண்ணுக்கு யாராவது பணம் அனுப்பினால் குறைந்தது மூன்று வருஷம் புதியதற்குத் திருப்பிவிடப்படும். 2013 செப்டம்பரிலிருந்து நடக்கிற ஏற்பாடு, தவறினால் அபராதமோ வட்டியோ உங்கள் தலையில் விழாதபடி உத்தரவாதமும் உண்டு. ஆனால் "பார்ஷியல் சுவிட்ச்" என்று ஒரு தெரிவு வரும். அதை அழுத்தினால் பழைய அக்கவுண்ட் மூடாது, இந்த உத்தரவாதமும் இல்லை, போனஸும் வழக்கமாகக் கிடைக்காது.

தேதியை வெள்ளிக்கிழமையில் வைக்காதீர்கள். சம்பளம் வருகிற அன்றே அக்கவுண்ட் மாறினாலும் பணம் தொலையாது, ஆனால் வீணாக ஒரு நாள் தவிப்பு. செவ்வாய், புதன் நல்லது. அந்தக் கடைசி வாரத்தில் பழைய அக்கவுண்டில் புது டைரக்ட் டெபிட் எதையும் தொடங்கவும் வேண்டாம்.

---

டூட்டிங்_கோகி · ஜனவரி 25, மதியம் 12.20

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். மே மாதம் என் கணவருக்கு ஸ்பௌஸ் விசா அப்ளை பண்ணப்போகிறேன். ஆண்டுச் சம்பளம் 31,000, மாதச் சம்பளம், ஒரே வேலை. இதே போனஸுக்காக இப்போது சுவிட்ச் செய்தால் விசாவுக்கு ஏதாவது இடைஞ்சல் வருமா?

---

கோப்புக்கட்டு · ஜனவரி 25, மாலை 4.48

வரும் அக்கா, ஆனா தவிர்க்கக்கூடியதுதான். 2024 ஏப்ரல் 11-லிருந்து புது அப்ளிகேஷனுக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு வேணும், அதைத் தாண்டிட்டீங்க. அந்த வருமானம் பேஸ்லிப்ல மட்டும் இருந்தாப் பத்தாது. ஒரே வேலையில ஆறு மாசத்துக்கு மேல இருக்கிறவங்க ஆறு மாசப் பேஸ்லிப்பும், அதே சம்பளம் பேங்க்ல விழுந்ததைக் காட்டுற ஆறு மாச ஸ்டேட்மெண்டும் வைக்கணும். பேஸ்லிப்ல இருக்கிற நிகரத் தொகை ஸ்டேட்மெண்ட்ல பென்ஸ் வரைக்கும் அப்படியே ஒத்துப் போகணும்.

நீங்க மே-ல போட்டா நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் தேவை. பிப்ரவரில சுவிட்ச் பண்ணினா மூணு மாசம் பழைய பேங்க், மூணு மாசம் புது பேங்க். ரெண்டு ஸ்டேட்மெண்டும் உங்க பேர்ல இருக்கிறவரைக்கும் அதுல தப்பே இல்லை. சிக்கல் எங்கன்னா, சுவிட்ச் முடிஞ்ச அன்னிக்குப் பழைய பேங்கோட ஆப்புக்குள்ள நுழைய முடியாமப் போயிடும். அப்புறம் ஸ்டேட்மெண்ட் வேணும்னா போன் பண்ணிக் கேட்டு, தபால்ல வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதனால சுவிட்ச் தேதிக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து, குறைஞ்சது 12 மாச ஸ்டேட்மெண்டை பிடிஎஃப்-ஆ இறக்கிடுங்க. ஸ்க்ரீன்ஷாட் உதவாது. பேர், அக்கவுண்ட் எண், பேங்க் பேர் எல்லாம் பக்கத்துல தெரியணும்.

கடைசி நாள் பரிவர்த்தனை மாசாந்திர ஸ்டேட்மெண்ட்ல ஏறியிருக்காது. அக்கவுண்டை மூடும்போது பழைய பேங்க் ஒரு இறுதி ஸ்டேட்மெண்ட் அனுப்பும், அது வந்ததும் கோப்புல வைங்க. இருப்பு எங்கே போச்சுன்னு கேட்டா அதுதான் பதில் சொல்லும்.

இந்த 800 பவுண்டு சுற்று உங்களுக்குத் தேவையே இல்லை, சம்பளமே 1,500-ஐத் தாண்டும். தேவைப்பட்டாலும் விசா கோப்பு போற ஆறு மாசத்துல பண்ணாதீங்க. அது குற்றம் இல்லை. ஆனா ஸ்டேட்மெண்ட் பார்க்கிறவருக்குச் சம்பளம் எது, சுத்துற பணம் எதுன்னு தேட வைக்கக் கூடாது.

சேமிப்பைக் காட்டி மாணவர் விசா போடறவங்களுக்கு மட்டும் கண்டிப்பா சொல்றேன், அந்த நேரத்துல தொடவே தொடாதீங்க. பணம் தொடர்ந்து 28 நாள் குறையாம இருக்கணும், அந்த 28-ஆவது நாள் அப்ளிகேஷனுக்கு 31 நாளுக்குள்ள இருக்கணும். நடுவுல ஒரு நாள் பணம் ரெண்டு பேங்க்கும் நடுவே நின்னா, ரெண்டு ஸ்டேட்மெண்ட்லயும் அந்த ஒரு நாள் பள்ளமாத் தெரியும்.

---

ஹரோமணி · ஜனவரி 25, இரவு 9.15

எங்கட ஆக்களுக்கு எண்டே ஒரு தொல்லை இருக்குது, அதையும் சொல்லிவிடுறன். பேர். பழைய பாங்கில தகப்பன்ர பேர் முழுசா சர்நேமா இருக்கும், புதுசில தலைப்பெழுத்து மட்டும் போட்டிருப்பீங்கள். இல்லாட்டி பாஸ்போட்டில சர்நேம் இடம் வெறுமையா இருக்கிறதால ஒரு பாங்க் உங்கட பேரையே ரெண்டு தரம் எழுதி வச்சிருக்கும். பேரும் விலாசமும் ரெண்டு பக்கமும் பொருந்தாட்டி சுவிட்ச் திரும்பிவிடும். புது அக்கவுண்ட் மட்டும் திறந்து கிடக்கும், பழையது அப்படியே இருக்கும், போனஸ் வராது. அப்ளிகேஷன் போட முதல் பழைய பாங்கின்ர ஸ்டேட்மெண்டை எடுத்து, அதில அச்சடிச்ச பேரையும் விலாசத்தையும் எழுத்தெழுத்தாப் பாருங்கோ. பிளாட் நம்பர் ஒண்டில முன்னுக்கும் மற்றதில பின்னுக்கும் இருந்தாலும் சரிப்படுத்திப்போட்டுத் தொடங்குங்கோ.

800 பவுண்டை முதல் தரம் அனுப்பேக்கையும் இதே பேர்ச் சோதனை வரும். "பேர் பொருந்தவில்லை" எண்டு திரையில காட்டினா தள்ளிக்கொண்டு போகாமல், புது பாங்க் உங்கட பேரை எப்பிடிப் பதிஞ்சிருக்குது எண்டு பாத்து அதே மாதிரி அடிச்சு அனுப்புங்கோ. முதல் நாள் ஒரு பவுண்டு அனுப்பிப் பாத்துப்போட்டு மிச்சத்துக்கு ஸ்டாண்டிங் ஆர்டர் போடலாம்.

கூட்டு அக்கவுண்ட் வச்சிருக்கிற ஆக்களுக்கு: தனி அக்கவுண்டைக் கூட்டு அக்கவுண்டுக்கு சுவிட்ச் செய்யலாம். கூட்டை ஒராளின்ர தனி அக்கவுண்டுக்கு மாத்த ஏலாது. பழையதில ஓவர்டிராஃப்ட் பாக்கி இருந்தா முதல் அதைக் கட்டுங்கோ, இல்லாட்டி புது பாங்கோட முன்கூட்டியே பேசி வச்சிருக்க வேணும்.

---

ஈஸ்ட்ஹாம்வாசி · ஜனவரி 26, காலை 8.02

என் ஸ்டேட்மெண்ட்ல அப்பா பேர் தலைப்பெழுத்தா இருக்கு, பாஸ்போர்ட்ல முழுசா இருக்கு. முதல்ல பழைய பேங்க்ல அதை மாத்தணும் போல. எல்லாம் முடிஞ்சும் போனஸ் வரலைன்னா யார்கிட்ட கேக்கறது?

---

வரவேடு · ஜனவரி 26, காலை 9.30

ஆமாம், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு பழைய பேங்க் கிளைக்குப் போய்ப் பேரை மாற்றுங்கள். புது ஸ்டேட்மெண்டில் அந்தப் பேர் அச்சாகி வருவதைப் பார்த்த பிறகு அப்ளை பண்ணுங்கள். அதற்குள் தண்ணி பில்லும் மொபைலும் ஒரு தடவை டைரக்ட் டெபிட்டில் போய்விடும். அந்த வரிசைதான் உங்களுக்குச் சரி. நடுவில் சலுகையை மூடிவிட்டார்கள் என்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு பேங்க் இன்னொன்று போடும். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் கிரெடிட் ஃபைலில் ஒரு தேடல் பதிவாகும் என்பதால் அரைகுறையாகப் போட்டுத் திரும்புவதுதான் நஷ்டம். அடுத்த ஆறு மாசத்தில் மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) வாங்குகிற எண்ணம் இருந்தால் இதைத் தள்ளியே வையுங்கள்.

போனஸ் வராவிட்டால் கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். அப்ளை பண்ணும் அன்றைக்கே சலுகையின் நிபந்தனைத் தாளை பிடிஎஃப்-ஆகச் சேமித்து வையுங்கள், விளம்பரப் பக்கம் பிறகு காணாமல் போகும். சுவிட்ச் முடிந்ததென்று வரும் செய்தி, 1,500 தாண்டிய தேதி, ரெண்டு டைரக்ட் டெபிட்டும் எடுபட்ட தேதி, இவை நான்கும் ஒரே இடத்தில் இருக்கட்டும். போனஸ் வர வேண்டிய கெடு முடிந்து ஒரு வாரம் பார்த்துவிட்டு, பேங்கின் சாட்டில் "புகார்" என்ற சொல்லைப் போட்டே எழுதுங்கள். வெறுமனே விசாரித்தால் அது விசாரணையாகவே நின்றுவிடும். புகார் என்று பதிவானால் எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்தது சரியில்லை என்றாலோ, ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மனிடம் (பேங்க் மீதான புகார்களைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) போகலாம். நமக்கு அங்கே கட்டணம் கிடையாது. இறுதிப் பதில் தேதியிலிருந்து ஆறு மாசம் அவகாசம்.

போனஸ் வந்த பிறகும் அந்த 800 ஸ்டாண்டிங் ஆர்டரை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அக்கவுண்டுக்கு மாசக் கட்டணம் தள்ளுபடி ஆவது அதே 1,500-ஐ வைத்துத்தான். நிறுத்த வேண்டும் என்று தோன்றும் அன்றைக்கு, கட்டணமில்லாத சாதாரண அக்கவுண்டாக மாற்றித் தரச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.